அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்: மூளையைக் காக்கும் மயக்க மருந்து என்று ஒன்று உண்டா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். 74 வயது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். பெரியப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது, அதற்குப் பிறகு ஞாபகம் தடுமாறி, இன்னும் பழைய ஆளாகத் திரும்பவில்லை. "மயக்க மருந்துதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற மருந்து மூளையைப் பாதுகாக்குமாமே, அதைத்தான் போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கலாமா?" இதுதான் கேள்வி.

நான் மயக்கவியல் மருத்துவர். முதியவர்களின் எலும்பு முறிவு ஆபரேஷன்களில் பல வருடமாக நின்றுகொண்டிருப்பவன். கேட்கலாம், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்த ஒரு மருந்தின் மேல் நம்பிக்கை முழுவதையும் வைத்துவிடாதீர்கள். மூளைக்குக் கவசமாக நிற்கும் மயக்க மருந்து எதுவும் இன்று வரை இல்லை. தேவையில்லாத மருந்துகளைப் போடாமல் விடுவதும், ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாள் கட்டிலருகே வீட்டு ஆள் ஒருவர் விவரம் தெரிந்து உட்கார்ந்திருப்பதும்தான் உங்கள் அப்பாவின் மூளைக்கு அதிகம் உதவும்.

முதலில், வீட்டில் பேசும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று டெலிரியம். ஆபரேஷன் முடிந்த அன்றோ, அடுத்த இரண்டு மூன்று நாளிலோ திடீரென்று வரும் குழப்பம். காலையில் நன்றாகப் பேசியவர் பொழுது சாய்ந்ததும் ஆள் தெரியாமல் பிதற்றுவார், டியூபைப் பிடுங்குவார், "வண்டியை எடு, வீட்டுக்குப் போகலாம்" என்பார். மறுநாள் காலையில் தெளிந்திருப்பார், இரவில் மறுபடி வரும். இன்னொன்று மெதுவானது. வீட்டுக்கு வந்த பிறகு கணக்கு வழக்கு பிடிபடாது, பேப்பர் படித்தால் மனதில் நிற்காது, சொன்னதையே திரும்பச் சொல்வார். இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி 1955-லேயே இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்ற மருத்துவர் எழுதினார். முறையாக அளந்து பார்த்தது 1998-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு. 60 வயதைத் தாண்டிய 1,218 பேரை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து நூற்றுக்கு 26 பேருக்கு நினைவாற்றலில் சரிவு இருந்தது. மூன்று மாதம் கழித்து அது 10 ஆகக் குறைந்தது. ஆபரேஷனே செய்துகொள்ளாத அதே வயதினரிடம் மூன்று மாதத்தில் 3 பேருக்கு அப்படி இருந்தது. ஆக, பயம் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் மீண்டுவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

அப்படியானால் குற்றவாளி மயக்க மருந்தா? அதுதான் காரணம் என்றால், முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி (ஸ்பைனல்) போட்டு ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குழப்பம் குறைவாக வந்திருக்க வேண்டும் இல்லையா? உங்கள் அப்பாவுக்கு வந்த இதே இடுப்பு எலும்பு முறிவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2021-ல் வெளியான, 1,600 பேர் கலந்துகொண்ட வட அமெரிக்க ஆய்வில் ஸ்பைனல் போட்டவர்களுக்கும் முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கும் டெலிரியம் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு 20. அடுத்த ஆண்டு சீனாவிலிருந்து வந்த 950 பேர் ஆய்விலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. எனவே, "ஸ்பைனல் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது, முழு மயக்கம் கொடுத்தால் போச்சு" என்று யாராவது சொன்னால் அதை நம்பி டாக்டரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நுரையீரல், இதயம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைப் பார்த்து மயக்க மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எலும்பு முறிந்ததும், கத்தி வைத்ததும் உடம்பில் கிளப்பிவிடும் அழற்சிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. காயம்பட்ட திசுக்களிலிருந்து கிளம்பும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து மூளை வரை போய், அங்குள்ள காவல் செல்களை உசுப்பிவிடுகின்றன. இளம் மூளை அதைச் சமாளித்துவிடும். வயதான மூளை, அதிலும் ஏற்கெனவே மறதி நோய் மெல்லத் தொடங்கியிருக்கும் மூளை, தடுமாறும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஒரே காற்றுதான், ஆனால் கூரை வீடும் மெத்தை வீடும் ஒரே மாதிரியா தாங்கின? அப்படித்தான் இதுவும். உங்கள் பெரியப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்பே சின்னச் சின்ன மறதி இருந்ததா என்று பெரியம்மாவிடம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் "ஆமாம், அதற்கு முன்னாடியே சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டேதான் இருப்பார்" என்ற பதில் வரும். எப்படி இருந்தாலும் இரண்டு வருடமாக நீடிக்கும் தடுமாற்றத்தை ஆபரேஷன் கணக்கில் எழுதி மூடிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. ஜிப்மரில் நரம்பியல் துறையும் மனநலத் துறையும் இருக்கின்றன. ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சரி, டெக்ஸ்மெடெட்டோமிடினுக்கு வருவோம். ஆபரேஷன் தியேட்டரில் டெக்ஸ்மெட் என்போம். 1999-ல் அமெரிக்காவில் ஐசியு நோயாளிகளுக்கு அனுமதி பெற்ற மருந்து. இதற்குத் தனி மதிப்பு வந்ததற்குக் காரணம் அது வேலை செய்யும் விதம். வழக்கமாகப் போடும் மயக்க மருந்துகளான மிடாசோலமும் புரோபோஃபாலும், மூளை முழுக்க உள்ள காபா என்ற அடக்கும் அமைப்பின் வேலையைக் கூட்டுகின்றன. டெக்ஸ்மெட் மூளைத்தண்டில் விழிப்பைத் தூண்டும் ஒரு சின்ன மையத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இயற்கையான தூக்கத்தின் ஆழ்ந்த கட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த நிலை வருகிறது. தோளைத் தொட்டு "ஐயா" என்றால் கண் திறந்து பதில் சொல்வார், விட்டால் திரும்பத் தூங்கிவிடுவார். மூச்சு அதிகம் அடங்குவதில்லை. வலி மருந்தின் தேவையும் கொஞ்சம் குறையும்.

2016-ல் பெய்ஜிங்கிலிருந்து வந்த ஆய்வுதான் இந்த மருந்துக்கு "மூளைக் காப்பு" என்ற பெயர் பரவ முக்கியக் காரணம் என்பேன். ஆபரேஷன் முடிந்து ஐசியுவுக்கு வந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 700 பேரில் பாதிப் பேருக்கு மிகக் குறைந்த அளவில், மறுநாள் காலை வரை டெக்ஸ்மெட் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். டெலிரியம் நூற்றுக்கு 23-லிருந்து 9 ஆக இறங்கியது. அருமையான முடிவுதான். ஆனால் 2017-ல் அமெரிக்காவில் 404 முதியவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் கொடுத்துப் பார்த்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. 2020-ல் வெளியான 798 பேர் ஆய்வு இதய ஆபரேஷன் செய்தவர்கள் மேல் நடந்தது. அங்கே டெக்ஸ்மெட் வாங்கியவர்களில் 17 சதவீதம், வெறும் சலைன் வாங்கியவர்களில் 12 சதவீதம் டெலிரியம். குறையவில்லை, ரத்த அழுத்தம் சரிந்து சிகிச்சை தேவைப்பட்டது மட்டும் கூடியது.

என் கணிப்பு இதுதான். ஆபரேஷனுக்குப் பிந்தைய இரவில், கண்காணிப்பு உள்ள இடத்தில், குறைந்த அளவில் கொடுத்தால் சிலருக்கு டெலிரியத்தைக் குறைக்கும். நல்ல தூக்கம் கிடைப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தியேட்டரில் ஒரு ஊசி போட்டால் ஞாபகசக்தி வருடக்கணக்கில் பத்திரம் என்று சொல்ல ஆதாரம் போதாது. அதோடு, நாடித்துடிப்பை இறக்கும், பிரஷரை இறக்கும். உங்கள் அப்பா மெட்டோபுரோலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ, இதயத்தின் மின்னோட்டத்தில் தடை இருந்தாலோ, விழுந்ததிலிருந்து சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வறண்டு போயிருந்தாலோ அது ஆபத்தாகலாம். மூளையைக் காக்கப் போட்ட மருந்தே பிரஷரை இறக்கி மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிட்டால் என்ன பயன்? அதனால், "டெக்ஸ்மெட் போடுங்கள்" என்று வற்புறுத்துவதைவிட, "டெக்ஸ்மெட் அப்பாவுக்குப் பொருந்துமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

கெட்டமைன் என்ற மயக்க மருந்தும் மூளையைக் காக்கும் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. 2017-ல் 672 பேரிடம் பார்த்தார்கள், டெலிரியம் குறையவில்லை, கெட்ட கனவும் மாயத்தோற்றமும் கூடின. மறதி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளை முன்கூட்டியே கொடுப்பதிலும் பலன் நிரூபணமாகவில்லை. வல்லாரை லேகியத்தை ஆபரேஷன் முடிந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை எதைக் கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

இனி தவிர்க்க வேண்டியவை. ஸ்பைனல் போட்ட பிறகு "சத்தம் கேட்டால் பயப்படுவார்" என்று மேலே தூக்க மருந்து ஏற்றுவது வழக்கம். எலும்பு ஆபரேஷனில் டிரில் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்கும், உண்மைதான். ஆனால் அந்த மருந்து கூடினால், பெயருக்குத்தான் ஸ்பைனல், நடப்பது முழு மயக்கம். 2010-ல் அமெரிக்காவில் இடுப்பு எலும்பு முறிந்த 114 பேரிடம் பார்த்ததில், ஸ்பைனலோடு ஆழ்ந்த மயக்கம் பெற்றவர்களில் 40 சதவீதம், லேசாக மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம் டெலிரியம். 2018-ல் அதே குழு 200 பேரிடம் செய்தபோது ஒட்டுமொத்தமாக அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. வேறு நோய்கள் அதிகம் இல்லாதவர்களுக்கு மட்டும் லேசான மயக்கம் நல்லது என்று தெரிந்தது. இருந்தாலும் நான் லேசான பக்கம்தான் நிற்கிறேன், ஏனென்றால் குறைத்துக் கொடுப்பதால் இழப்பதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. காதில் ஹெட்போன் வைத்து அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டால் பல பெரியவர்கள் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள். "அப்பாவுக்குத் தூக்க மருந்து எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு போதும்" என்று நீங்கள் சொன்னால் எந்த மயக்க மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மிடாசோலம், லோரசெபம், அல்பிரசோலம் வகை மருந்துகளை முதியவர்களுக்குக் கூடிய வரை தவிர்ப்பது நல்லது. அதைவிட நம் ஊர் வார்டுகளில் நான் அதிகம் கவலைப்படுவது அவில் ஊசியையும் பெனர்கன் ஊசியையும் பற்றித்தான். அரிப்பு என்றாலும், ரத்தம் ஏற்றும்போதும், தூக்கம் வரவில்லை என்றாலும் கை சட்டென்று அதற்குத்தான் போகிறது. இவை மூளையில் ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் வேலை செய்வதைத் தடுப்பவை. சிறுநீரையும் அடைத்துவிடும்.

ஒருமுறை கடலோரக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் மீன்பிடித்தவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் இரவு போர்வையை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். கடலில் வலை இழுப்பதாக நினைப்பு. "பிடிடா, பாரம் ஏறுது" என்று மகனை அதட்டுகிறார். மகன் அழுதுகொண்டே நிற்கிறார். தூக்கத்துக்கு ஊசி போட்டிருந்தார்கள், அதற்கும் அடங்கவில்லை, இன்னொன்று போடலாமா என்று பேச்சு நடந்தது. அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது, சொல்லத் தெரியவில்லை. டியூப் வைத்து வடித்ததும் கை ஓய்ந்தது. மூக்குக்கண்ணாடி மருமகளின் பையில் இருந்தது, எடுத்து மாட்டச் சொன்னேன். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார். குழப்பம் என்றதும் அடக்குவதற்கு ஊசி தேடக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். வலியா, சிறுநீரா, மலச்சிக்கலா, காய்ச்சலா, ஆக்சிஜன் குறைவா, சோடியம் இறங்கியதா, சர்க்கரை இறங்கியதா? இதை நீங்களே டாக்டரிடம் கேட்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அதுதான் அதிகம் தவறிப் போகிறது. பெரியவர் சத்தமே போடமாட்டார். பகலெல்லாம் கண்மூடிக் கிடப்பார், கூப்பிட்டால் "ம்" என்பார், சோற்றை வாயில் வைத்தபடியே மெல்ல மறந்துவிடுவார். "பாவம், அசதியில் தூங்குகிறார்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதுவும் டெலிரியம்தான். தினமும் காலையும் மாலையும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். தமிழ் மாதம் நன்றாகத் தெரிந்தவர் என்றால் பங்குனி, மாசி, தை என்று சித்திரை வரை பின்னோக்கிச் சொல்லட்டும். ஆங்கில மாதங்களைக் கேட்பதைவிட நம் பெரியவர்களுக்கு இது பொருத்தம். ஆனால் இதை ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை கேட்டு, எவ்வளவு சொல்கிறார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் படிக்காத ஒருவரைக் கடிகாரம் வரையச் சொல்லிவிட்டு, வரையவில்லை என்றதும் மூளை பாதிப்பு என்று முடிவு கட்டுவது அநியாயம். நேற்று சொன்னவர் இன்று சொல்லவில்லை என்பதுதான் முக்கியம்.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது ஒளிக்காமல் சொல்ல வேண்டியது இரண்டு. அப்பா தினமும் தூக்க மாத்திரை போடுபவரா? அப்படியானால் திடீரென்று நிறுத்தினாலே குழப்பம் வரும், மருத்துவருக்குத் தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாடு செய்வார். இரண்டாவது குடி. "எப்போதாவது" என்று சொல்லி மறைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. தினமும் குடிப்பவருக்கு அது நின்ற இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாத பூச்சியும் பாம்பும் தெரியும், உயிருக்கே ஆபத்தாகும். முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொன்ன அதே லோரசெபம் வகை (பென்சோடயசெபீன்) மருந்துகள்தான் இந்த ஒரு நிலையில் சரியான சிகிச்சை. தையமினும் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால்தான் இதெல்லாம் முடியும். அப்பா காதில் விழச் சொல்ல வேண்டாம், வெளியே வந்து டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வலியைக் குறைப்பதும் மூளையைக் காப்பதுதான். "வலி மருந்து கொடுத்தால் புத்தி தடுமாறும்" என்று வலியோடு போட்டுவைத்தால் டெலிரியம் கூடும். தொடை இடுக்கில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்யும் பிளாக் ஒன்று இருக்கிறது, ஆபரேஷனுக்கு முன்பே போடலாம். அதோடு நேரம் தவறாமல் பாரசிட்டமால் கொடுத்தால் டிரமடால், மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்துகளின் தேவை குறையும். அப்புறம், ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். நாள் நட்சத்திரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. பட்டினியிலும் கவனம் வேண்டும். திட உணவை 6 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், வெறும் தண்ணீர் பெரும்பாலும் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். காலையில் நடக்க வேண்டிய ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனால், "இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?" என்று சிஸ்டரிடம் போய்க் கேளுங்கள்.

கட்டிலருகே செய்ய வேண்டியதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. தைவானில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 377 முதியவர்களில் ஒரு பாதிக்கு நர்ஸ் தினமும் மூன்று விஷயங்களைச் செய்தார்: நாள், இடம் நினைவுபடுத்திப் பேசுவது, வாய் சுத்தம் செய்து சாப்பிட உதவுவது, சீக்கிரம் எழுப்பி நடமாட வைப்பது. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2017-ல் வெளியானது. இதில் எந்த மருந்தும் இல்லை. நம் வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் இதை வீட்டார்தான் செய்ய வேண்டியிருக்கும்.

கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் கடலூரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வையுங்கள். தியேட்டரிலிருந்து வந்து விழித்ததும் மாட்டிவிடுங்கள். பார்க்க வரும் உறவுக்கூட்டத்தை முதல் இரண்டு நாள் நிறுத்திவிட்டு, நெருங்கிய இரண்டு பேர் மட்டும் மாறி மாறி இருங்கள். "அப்பா, நான்தான், இது பாண்டி ஆஸ்பத்திரி, நேற்று ஆபரேஷன் ஆச்சு, இன்னைக்கு வியாழக்கிழமை" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தப்பாகப் பேசினால் வாதம் செய்யாதீர்கள். பகலில் ஜன்னல் திரையை விலக்கி, அனுமதித்ததும் மறுநாளே உட்கார வைக்கக் கேளுங்கள். இரவில் செல்போன் வீடியோ வேண்டாம், விளக்கைக் குறையுங்கள். சிறுநீர் டியூபை எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள். கையைக் கட்டிப்போடச் சம்மதிக்கும் முன், நீங்களே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா என்று பாருங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துச் சீட்டை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஐசியுவில் ஆரம்பித்த தூக்க மாத்திரை, குழப்பத்துக்குக் கொடுத்த மாத்திரை எல்லாம் கேட்பாரில்லாமல் வீடு வரை வந்து மாதக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எது எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் சில வாரங்களுக்குப் பத்திரம், பேங்க் கையெழுத்து எதுவும் அவரிடம் வாங்க வேண்டாம். மாத்திரையை அவர் கையில் விடாமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள். டெலிரியம் வந்து போயிருந்தாலும் வராவிட்டாலும் மூன்றாவது மாதம் ஒருமுறை கவனியுங்கள். சில்லறை எண்ணித் தருகிறாரா, பேரப்பிள்ளைகளின் பெயர் வருகிறதா, பழகிய தெருவில் வழி தெரிகிறதா என்று பாருங்கள். அதில் ஏதாவது தடுமாறினால், அடுத்த எலும்பு செக்கப்புக்குப் புதுச்சேரி வரும் அன்றே நரம்பியல் மருத்துவரையும் பார்க்கச் சீட்டுப் போட்டுவிடுங்கள்.